மூக்குத் தெளிப்புக்கான பெப்தைட்டுக் கரைசல்: மலையகக் குளிர் ஏன் போதாது?

சின்னஞ்சிறு கண்ணாடிக் குப்பி, அதன் அடியில் ஒட்டிக்கிடக்கும் வெண்ணிறத் தூள், "ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும்" என்று அச்சிட்ட ஒரு சிட்டை. ஆய்வுகூடங்களுக்கென விற்கப்படும் பெப்தைட்டுகள், அதாவது அமினோவமிலங்கள் சங்கிலியாகக் கோத்த, புரதத்தைவிடச் சிறிய மூலக்கூறுகள், பெரும்பாலும் இந்த வடிவில்தான் வருகின்றன. இவற்றை நீரில் கரைத்து மூக்குத் தெளிப்பானில் அடைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சு அண்மைக்காலமாக இணையத்தின் வழியே நம் பக்கத்துக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. நுவரெலியா, ஹட்டன், பண்டாரவளை போன்ற ஊர்களில் இருப்போருக்கு, "நம் ஊர்க் குளிரில் எதுவும் கெடாது" என்ற நம்பிக்கை இந்தப் பேச்சோடு எளிதாக ஒட்டிக்கொள்கிறது. அந்த நம்பிக்கையைச் சற்று நிறுத்திப் பார்க்க வேண்டியிருக்கிறது. பெப்தைட்டுக் கரைசல் எப்படித் தயாரிக்கப்படுகிறது, எதனால் கெடுகிறது, மலைநாட்டின் வெப்பநிலையும் ஈரப்பதனும் மின்வெட்டும் அதில் எங்கே தலையிடுகின்றன என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரை. வீட்டில் தயாரித்து மூக்கில் விட்டுக்கொள்வதற்கான செய்முறையாக இதை எவரும் வாசிக்க வேண்டியதில்லை. ஏன் வாசிக்கக்கூடாது என்பதும் போகப்போகத் தெளிவாகும்.

மூக்கு வழியே பெப்தைட்டைச் செலுத்துவது புதிய எண்ணமல்ல. ஒன்பது அமினோவமிலங்களாலான ஒக்சிற்றோசின் என்ற ஓமோனை 1953இல் செயற்கையாகத் தொகுத்த வின்சென்ட் டு விக்னோவுக்கு 1955இல் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது; அடுத்த சில ஆண்டுகளிலேயே ஒக்சிற்றோசின் மூக்குத் தெளிப்பாகவும் மருந்துக்கடைகளுக்கு வந்தது. சிறுநீர் அளவுக்கு மீறி வெளியேறும் நோயாளிகளுக்குத் தரப்படும் டெஸ்மோபிரெசின், எலும்புத் தேய்வுக்காகப் பல காலம் பயன்பட்ட சல்மன் மீனின் கல்சிற்றோனின் ஆகியனவும் இதே வழியில் வந்தவையே. பெப்தைட்டை விழுங்கினால் இரைப்பையும் குடலும் அதை உணவுப் புரதத்தைப் போலவே செரித்துவிடும். மூக்கின் உட்சவ்வு மெல்லியது, குருதிக் குழாய்கள் நிறைந்தது, ஊசியின் வலியும் அங்கே இல்லை. ஆயினும் அங்கும் கணக்கு அவ்வளவு தாராளமானதல்ல. மூலக்கூற்று நிறை ஆயிரத்தைத் தாண்டினால் உறிஞ்சப்படும் அளவு சடுதியாகக் குறைகிறது. டெஸ்மோபிரெசினிலும் கல்சிற்றோனினிலும் மூக்கில் தெளிக்கப்பட்ட அளவில் நூற்றுக்கு மூன்று நான்கு பங்கே குருதியை அடைகிறது. எஞ்சியதைச் சளிப்படலம் ஒரு இருபது நிமிடத்துக்குள் தொண்டைப் பக்கமாகத் தள்ளிவிடும். போதாக்குறைக்கு, சவ்வில் உள்ள நொதியங்களும் பெப்தைட்டை நறுக்குகின்றன. இவ்வளவு சிறு பங்கே உள்ளே போகிறது என்பதால், கரைசலின் செறிவிலோ தெளிப்பின் அளவிலோ நேரும் சிறு மாற்றங்கூட விளைவில் பெரிதாகத் தெரியும். 2020இல் ஒரு நிறுவனத்தின் டெஸ்மோபிரெசின் மூக்குத் தெளிப்புகள் அமெரிக்கச் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. குறிக்கப்பட்டதைவிடக் கூடுதலான மருந்து அவற்றில் இருந்ததே காரணம். அம்மருந்து அளவுக்கு மிஞ்சினால் குருதியின் சோடியம் அபாயகரமாகக் குறைந்து வலிப்புகூட வரலாம். முறையான தொழிற்சாலையிலிருந்து வந்த பண்டத்துக்கே அந்த நிலை.

இனித் தூளுக்கு வருவோம். உறையவைத்து, வெற்றிடத்தில் நீரை உறிஞ்சியெடுத்து உலர்த்திய பெப்தைட்டு, அந்த உலர்ந்த நிலையில் இருக்கும்வரை உறுதியானது. தபாலில் சில நாள் அலைந்து, கொழும்பு வெயிலில் ஒரு நாள் கிடந்து, மலையேறி வந்தாலும் பெரும்பாலானவை தாங்கும். நெடுங்காலம் வைக்க வேண்டுமெனில் −20 பாகை செல்சியஸ் அல்லது அதனினும் தாழ்ந்த வெப்பநிலையே வழக்கம். மலைநாட்டில் இங்கேதான் முதல் சிக்கல் எழுகிறது. அதற்குக் காரணம் வெப்பமன்று, ஈரம். தலவாக்கலைப் பக்கத்து ஆய்வுகூடம் ஒன்றில், பிற்பகல் மூன்று மணிக்கு மூடுபனி யன்னலை மறைத்துக்கொண்டிருக்கும் வேளையில், உறைபெட்டியிலிருந்து ஒரு குப்பியை எடுத்து மேசைமேல் வைத்துப் பாருங்கள். அரை நிமிடத்துக்குள் கண்ணாடி வெளுத்துப் பூக்கும். பிறகு அந்தப் பூப்பு சிறு துளிகளாகத் திரண்டு, சிட்டையின் ஓரத்தை நனைத்துக்கொண்டு இறங்கும். அந்த நேரத்தில் மூடியைத் திறந்தால், வெளியே நடப்பதுதான் உள்ளேயும் நடக்கும். குளிர்ந்த தூள் காற்றின் ஈரத்தை வாங்கிக்கொள்ளும். தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தவர்களுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை: உலர்த்தியின் வாயில் நூற்றுக்கு மூன்று வீத ஈரத்தோடு விழுந்த தூளை மூடுபனி நேரத்தில் திறந்து போட்டால் என்ன ஆகும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆகவே குப்பியை மூடியபடியே, ஈரமுறிஞ்சி இட்ட பாத்திரத்துக்குள் வைத்து, அறை வெப்பநிலைக்கு வந்தபின் மட்டுமே திறப்பது ஆய்வுகூடத்தின் முதல் ஒழுங்கு. கொழும்பிலும் இது தேவைதான். மலையிலோ ஒரு மணி நேரம் காத்திருக்கச் சோம்பினால் பல மாதச் சேமிப்பு வீணாகும்.

தூளின் எடையும் ஏமாற்றும். குப்பியில் 5 மில்லிகிராம் என்று போட்டிருந்தால் அதில் 5 மில்லிகிராம் பெப்தைட்டு இருக்கிறது என்று பொருளல்ல. தொகுப்பின்போது ஒட்டிக்கொள்ளும் டிரைபுளோரோ அசற்றிக் அமிலம் போன்றவற்றின் உப்பும் எஞ்சிய நீரும் அந்த எடைக்குள்தான் அடங்கும். தூய்மை 98 வீதம் என்று சான்றிதழ் சொல்வது, பெப்தைட்டு வகைப் பொருள்களுக்குள் எவ்வளவு சரியான பெப்தைட்டு என்பதை மட்டுமே. மொத்த எடையில் பெப்தைட்டின் பங்கு 80 வீதமாகவும் இருக்கலாம், அதற்குக் கீழேயும் இறங்கலாம். அந்தச் சான்றிதழ் பற்றீரியாக்களின் உடைந்த சுவரிலிருந்து வரும் நச்சுகளைப் பற்றியோ நுண்ணங்கிகளைப் பற்றியோ பெரும்பாலும் எதுவும் சொல்வதில்லை. கலங்களை வளர்க்கும் தட்டில் இடுவதற்கு வாங்கிய பொருளிடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது.

நீர் சேர்ந்த கணத்திலிருந்து பெப்தைட்டின் சிதைவு தொடங்குகிறது. சிதைவு ஒரே வழியில் நிகழ்வதுமில்லை. அஸ்பரஜீன் இருக்கும் இடத்தில் அமைட்டுக் கூட்டம் கழன்று வேறோர் அமிலமாக மாறும். கரைசலின் அமில, கார நிலையைக் காட்டும் pH பெறுமானம் 7ஐத் தாண்டிக் காரப் பக்கம் போனால் இது விரைவுபடும். அஸ்பாட்டிக் அமிலம் இருக்கும் இடத்தில், கரைசல் மிகவும் அமிலமாக இருந்தால் சங்கிலியே நீர்ப்பகுப்புற்று அறுபடும். மெதியோனீனும் சிஸ்டீனும் கரைந்துள்ள ஒட்சிசனால் ஒட்சியேற்றப்படும். இரட்டைச் சல்பைட்டுப் பாலத்தால் வளையமாக நிற்கும் ஒக்சிற்றோசின் போன்றவற்றில் அந்தப் பாலம் இடம் மாறி, மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். இந்த இரு பக்கத்து நெருக்கடிக்கும் நடுவே, பல பெப்தைட்டுகளுக்கு pH 4 முதல் 6 வரையான மென்மையான அமிலத்தன்மை ஒத்துவருகிறது. நல்லவேளையாக மூக்கின் உட்சவ்வும் 5.5 முதல் 6.5 வரையில் இருப்பதால், மருந்தாக்குநருக்கு அங்கே சற்று இடம் கிடைக்கிறது. ஆனால் எல்லாப் பெப்தைட்டுக்கும் பொருந்தும் ஒரே கரைப்பான் கிடையாது. கார இயல்புள்ளவை நீரிலோ ஐதான அசற்றிக் அமிலத்திலோ கரையும். அமில இயல்புள்ளவற்றுக்குச் சிறிது காரம் வேண்டும். நீரை வெறுப்பவை வேறு சேதனக் கரைப்பானில்தான் முதலில் இளகும், அத்தகைய கரைப்பான் மூக்குக்கு ஏற்றதும் அன்று. அமினோவமிலத் தொடரைப் படிக்காமல் கரைப்பானைத் தேர்ந்தெடுக்கும் எவரும் ஊகத்தில்தான் வேலை செய்கிறார்.

கரைக்கும் செயலிலும் சில நுணுக்கங்கள் உண்டு. குப்பியைக் குலுக்கக்கூடாது, மெல்லச் சுழற்ற வேண்டும். நுரை எழுந்தால் காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் பெப்தைட்டு விரிந்து திரளத் தொடங்கும். மிக ஐதான கரைசலில் கண்ணாடியும் சாதாரண பிளாத்திக்கும் பெப்தைட்டைத் தம்மேல் ஒட்டவைத்துக்கொள்வதால், குறைவாக ஒட்டும் வகைப் பொலிபுரோப்பிலீன் குழாய்கள் பயன்படுத்தப்படுகின்றன. நுண்ணங்கிகளை நீக்க 0.22 மைக்கிரோமீற்றர் துளையுள்ள வடியின் ஊடாகச் செலுத்துவர். வடியின் சவ்வே மருந்தில் ஒரு பங்கை விழுங்குவதும் உண்டு என்பதால், வடித்தபின் செறிவை மறுபடி அளந்து பார்ப்பது கவனமான கை செய்யும் வேலை.

நீரைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மலையகத்தில் அதிகம் தவறு நேரக்கூடிய இடம் இதுதான். பீலித் தண்ணீர் குளிர்ந்து தெளிந்து ஓடுவதால் அது சுத்தமானது என்ற எண்ணம் நமக்குள் ஊறியது. கொதிக்கவைத்து ஆறவிட்டால் எல்லாக் கிருமியும் போய்விடும் என்பது அதற்கு அடுத்த நம்பிக்கை. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில் நீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. குடிப்பதற்கு அது போதும். பற்றீரியாவின் வித்திகளை அழிக்கவோ கடல் மட்டத்தில் 100 பாகையில் கொதிக்கும் நீரும் போதாது. 121 பாகை நீராவி பதினைந்து நிமிடம் வேண்டும். வீட்டுப் பிரஷர் குக்கரின், சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் என்ற அமுக்கமும் இங்கே முழுப் பலனைத் தராது. கருவி காட்டுவது வெளி வளியமுக்கத்துக்கு மேலுள்ள அளவைத்தான். மலையில் வெளியமுக்கம் குறைவாதலால், அதே 15 இறாத்தலில் உள்ளே வெப்பநிலை 118 பாகையை ஒட்டியே நிற்கும். நுவரெலியாவில் 121ஐ எட்ட ஏறத்தாழ 18 இறாத்தல் தேவை. இதை அறிந்து திருத்தாத கிருமியழிப்பு, மலையில் பாதிக் கிருமியழிப்பே. பெப்தைட்டுக் கரைசலை இப்படிச் சூடாக்கவும் முடியாது, அது சிதைந்துவிடும். அதனால்தான் வடித்தல் இன்றியமையாததாகிறது. குழாய் நீரை மூக்குக்குள் செலுத்தியதால் மூளையைத் தாக்கும் அமீபா தொற்றி இறந்தவர்கள் உலகில் உண்டு. அரிதான அந்நோய்க்குத் தப்பிப் பிழைத்தவர்கள் வெகு சிலரே.

சிலர் ஊசிமருந்துக்குப் பயன்படும், 0.9 வீத பென்சைல் அற்ககோல் கலந்த நீரை இதற்கும் பயன்படுத்தலாம் என நினைக்கிறார்கள். அந்நீர் ஒரு முறை துளையிட்ட பின் 28 நாளுக்கு மேல் வைத்திருக்கக்கூடாதது. பற்றீரியாவின் பெருக்கத்தைத் தடுக்குமேயன்றி ஏற்கெனவே உள்ள அழுக்கை நீக்காது. மூக்கின் உட்சவ்வுக்காக வடிவமைக்கப்பட்டதும் அன்று. தொழிற்சாலையில் செய்த டெஸ்மோபிரெசின் தெளிப்பைப் பாருங்கள்: மில்லிலீற்றருக்கு 0.1 மில்லிகிராம் மருந்து, குருதியோடு ஒத்த உப்புச் செறிவு தரச் சோடியங் குளோரைட்டு, pHஐப் பிடித்து வைக்கச் சித்திரிக் அமிலமும் பொசுபேற்றும், நுண்ணங்கியை அடக்க பென்சல்கோனியங் குளோரைட்டு. அந்தப் பென்சல்கோனியமும் கூடினால் மூக்கின் நுண்மயிர்களின் அசைவைக் குலைக்கும், குறைந்தால் நுண்ணங்கி பெருகும். பர்க்கோல்டேரியா இனத்துப் பற்றீரியாக்கள் அதையே சகித்துக்கொண்டு வாழக்கூடியவை என்பதும், அவற்றால் மாசுபட்ட மூக்குத் தெளிப்புகள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டதும் பதிவில் உள்ளவை.

தெளிப்பானும் அப்பாவிப் பாத்திரமன்று. ஒவ்வொரு முறை அழுத்தும்போதும் ஏறத்தாழ 0.1 மில்லிலீற்றர் வெளியேறுகிறது. வெளியேறிய இடத்தை நிரப்ப, அறையின் காற்று உள்ளே இழுபடுகிறது. மூக்கின் நுனியைத் தொட்ட முனையும், சமையலறைப் புகையும், பூஞ்சணம் பிடித்த சுவரின் வித்திகளும் அந்த இழுப்பில் உள்ளே போக வழியுண்டு. சாதாரணப் பம்பில் உள்ள உலோகச் சுருளிலிருந்து கசியும் அயன்கள் ஒட்சியேற்றத்தைத் தூண்டவும் கூடும். கடையில் வாங்கிய வெற்றுத் தெளிப்பான் ஒரு அழுத்தத்துக்கு எவ்வளவு தள்ளுகிறது என்பதை அளந்து பார்த்தாலன்றி எவரும் சொல்ல முடியாது.

கண்சொட்டு மருந்து வேறு, மூக்குத் தெளிப்பு வேறு என்பது உண்மைதான். கண் இன்னும் எளிதில் பாதிப்புறுவது. இருந்தும் 2023 ஏப்ரலில் நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலையில் கண்புரைச் சத்திரசிகிச்சை செய்துகொண்ட சிலர், பின்னர் இடப்பட்ட இறக்குமதிக் கண்சொட்டைத் தொடர்ந்து கடும் அழற்சிக்கு உள்ளாகிப் பார்வை இழந்ததை இப்பகுதி மக்கள் மறந்திருக்க மாட்டார்கள். தெளிந்த நீர்போலத் தோன்றும் ஒரு சிறு போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து அறிய முடியாது. 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபை மருந்துகளைப் பதிவு செய்யக் கோருவதும் இதனால்தான். அந்த வேலி முழுமையாகக் காக்கவில்லை என்பது மேற்சொன்ன சம்பவத்திலேயே தெரிகிறது. அதற்காக வேலியே இல்லாத பொருளை மூக்கில் விட்டுக்கொள்வது எப்படிப் பரிகாரமாகும் என்று எனக்கு விளங்கவில்லை.

இப்போது குளிருக்கு வருவோம். இரசாயனத் தாக்கங்களின் வேகம், பொதுவாக, வெப்பநிலை 10 பாகை கூடும்போது இரண்டு அல்லது மூன்று மடங்காகிறது. கரைத்த பெப்தைட்டுக்கு வழக்கமாகக் குறிக்கப்படும் 2 முதல் 8 பாகை வரையான குளிரோடு, நுவரெலியாவின் சராசரியான ஏறக்குறைய 16 பாகையை ஒப்பிட்டால், அறையில் வைத்த கரைசல் குளிர்சாதனப் பெட்டியில் வைத்ததைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு விரைவாகக் கெடும். கொழும்பின் 28 பாகையில் அது ஐந்து மடங்குக்குக் குறையாது, பத்தையும் தாண்டலாம். ஆக மலையகக் குளிர் ஓரளவு உதவுகிறதே தவிர, குளிர்சாதனப் பெட்டியின் இடத்தைப் பிடிப்பதில்லை. அதுவும் நுவரெலியாவுக்கு மட்டுமே. 700 மீற்றருக்கும் தாழ்ந்து கிடக்கும் பதுளையையும் 500 மீற்றரை ஒட்டிய கண்டியையும் "மலையகம்" என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கி ஒரே கணக்குப் போட்டால் தவறு நேரும். நுண்ணங்கிகளுக்கோ 16 பாகை வசதியான வெப்பநிலை. நீரில் வாழும் பல பற்றீரியாக்கள் அதில் நன்றாகவே பெருகும்.

உறையவைப்பதும் எப்போதும் பாதுகாப்பானதன்று. கரைசலைச் சிறு சிறு பங்குகளாகப் பிரித்து உறையவைத்து, ஒரு பங்கை ஒரு முறை மட்டும் இளக்கிப் பயன்படுத்துவதே முறை. மீண்டும் மீண்டும் உறைந்து இளகும்போது பனிப்பளிங்குகளுக்கு இடையே பெப்தைட்டு நெருக்கப்பட்டுத் திரண்டுவிடும். pHஐ மாறாமல் பிடித்து வைக்கும் சோடியம் பொசுபேற்றுத் தாங்கற் கரைசலில் இன்னொரு வேடிக்கையும் உண்டு: உறையும்போது அதன் ஒரு கூறு முந்திப் படிவதால், 7இல் இருந்த pH 4 வரைக்கும் இறங்கிவிடக்கூடும். வீட்டில் உள்ள, பனி தானாகக் கரையும் வகை உறைபெட்டி ஒரு நாளைக்குள்ளேயே சிறிது சூடாகிக் குளிர்வதால், ஆய்வுகூடங்கள் அவ்வகையைத் தவிர்க்கின்றன. உறையறைக்குக் கீழே உள்ள குளிர்ப் பகுதியிலும், உறையறைக்கு ஒட்டிய பின்சுவரில் வைத்த போத்தல் உறைவதும், கதவில் வைத்த போத்தல் ஒவ்வொரு திறப்பிலும் சூடாவதும் நடக்கும். நடுத்தட்டே நம்பத் தகுந்தது. தொழிற்சாலைக் கல்சிற்றோனின் தெளிப்பையே திறக்கும்வரை 2 முதல் 8 பாகையிலும், திறந்தபின் அறை வெப்பநிலையில் 35 நாள் மட்டும் வைக்கலாம் என்றுதான் அதன் சிட்டை கூறியது. அந்த 35 நாள் என்ற எண்ணுக்குப் பின்னால் அந்தக் குறிப்பிட்ட கரைசலில், அந்தக் குறிப்பிட்ட போத்தலில் செய்த உறுதிச் சோதனைகள் உள்ளன. வேறொரு பெப்தைட்டுக்கு அதைக் கடன் வாங்க முடியாது.

2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளுக்குப் 13 மணி நேரம் வரை மின்வெட்டு நீடித்தபோது, குளிர்ச்சங்கிலியைப் பற்றிய பேச்சு மலையகத்தில் ஏட்டுப் பேச்சாக இருக்கவில்லை. மண்சரிவில் மின்கம்பம் சாயும் தோட்டங்களில் அது எந்த மழைக்காலத்திலும் திரும்ப வரலாம். தடுப்பூசி வைக்கும் சுகாதார அலுவலகங்களில் பனிக்கட்டிச் சுவர் கொண்ட குளிர்பெட்டிகள் இருப்பது இதற்காகவே. மின்சாரம் இல்லாமலும் அவை பல மணி நேரம் தாங்கும். சாதாரண வீட்டுப் பெட்டியோ, மூடியே வைத்திருந்தாலும் நாலைந்து மணி நேரத்தில் எல்லையைக் கடந்துவிடும். உயர்ந்த, தாழ்ந்த வெப்பநிலைகளைப் பதியும் வெப்பமானி ஒன்றைப் பெட்டிக்குள் வைத்திருக்கும் ஆய்வுகூடம், மின்சாரம் வந்தபின் அதைப் பார்த்து, எந்தப் பங்கு எவ்வளவு நேரம் எந்த வெப்பநிலையில் இருந்தது என்று குறித்துக்கொள்ளும். ஐயம் எழுந்தால், கரைசலின் கூறுகளைப் பிரித்து வரைபில் சிகரங்களாகக் காட்டும் உயர்செயல்திறன் திரவ நிறப்பகுப்புக் கருவியில் ஒரு மாதிரியை ஓட்டி, முதன்மைச் சிகரம் குறைந்து புதிய சிகரங்கள் முளைத்திருக்கின்றனவா என்று பார்க்கும். அந்த வசதி இல்லாத இடத்தில், குறித்த எல்லையைக் கடந்த பங்கு தெளிவாகத் தோன்றினாலும் கழிவுக்குத்தான் போகும்.